முதுநிலை ஒளியியல் மாணவருக்கு என்பிடெல் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒருவருக்கு ஒளியியலிலும், ஒளியைப் பிறப்பித்துக் கையாளும் தொழில்நுட்பமான ஃபோட்டானிக்ஸிலும் ஆர்வம் பிறந்துவிட்டால், துறையில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரேயொரு விருப்பப் பாடம்தான். லேசரின் வகைகளை வரிசையாகச் சொல்லி, ஒளி இழையின் உள்ளே ஒளி எப்படிச் செல்கிறது என்பதற்கு ஒரு படம் வரைந்து, ஹாலோகிராபியை லேசாகத் தொட்டுவிட்டு, அந்தப் பாடம் பருவத்தோடு முடிந்துவிடும். இதையே முழுப் பட்டமாகப் படிக்க விரும்புவோருக்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஃபோட்டானிக்ஸ் பள்ளி, டெல்லி ஐ.ஐ.டி.யில் உள்ள பயன்பாட்டு ஒளியியல் எம்.டெக். என்று சில இடங்களையே காட்ட முடிகிறது. அங்கே இடம் பிடிப்பதற்கு ஆயத்தமாகும் மாணவருக்கும், இடம் கிடைக்காமல் போன மாணவருக்கும், நெட் தேர்வுக்குப் படிப்பவருக்கும் இன்று எளிதில் எட்டும் வகுப்பறை என்றால் அது என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம்தான். முதுநிலை மாணவர்களோடு சேர்ந்து இதன் ஒளியியல் பாடங்களைப் பல பருவங்களாகப் பார்த்துவரும் ஆசிரியர் என்ற முறையில், ஒரு சேவையாக இது எந்த அளவுக்குத் தேறுகிறது என்று எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கோட்பாட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலான கல்லூரிகளால் தர முடியாத ஆழத்தை இது இலவசமாகத் தருகிறது, அளந்து பார்க்கும் கையை இது தருவதில்லை. அந்தக் குறையை மாணவரும் துறையும் தாமே நிரப்பிக்கொள்ளாவிட்டால், எடுத்த சான்றிதழுக்கு நேர்காணலில் மதிப்பு இராது.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம் இது. 2017இல் வந்த, மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தின் வழியாக இப்போது ஜனவரி, ஜூலை என இரு பருவங்களில் பாடங்கள் நடக்கின்றன. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாரந்தோறும் வரும் ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே முறையே 10, 30 எடுத்தால்தான் சான்றிதழ் உண்டு. பருவம் முடிந்த பின்னும் காணொளிகள் யூடியூபில் இருக்கும் என்பதால், சான்றிதழைப் பற்றிக் கவலைப்படாதவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இனி பாடங்களுக்கு வருவோம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் மாணவருக்கு நான் முதலில் சொல்வது சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலாஜி ஸ்ரீனிவாசனின் ஃபோட்டானிக்ஸ் அறிமுகப் பாடம். ஒளியைக் கதிராகவும் அலையாகவும் மின்காந்தப் புலமாகவும் ஃபோட்டானாகவும் படிப்படியாக எடுத்துச் சென்று, பொருளோடு அது வினைபுரியும் விதத்தையும் லேசரையும் உணரிகளையும் ஒரே இழையில் கோத்துத் தருவதால், இளநிலையில் துண்டு துண்டாகப் படித்தவை எல்லாம் ஓரிடத்தில் சேர்கின்றன. இது பொறியியல் துறையிலிருந்து வரும் பாடம் என்பது கேட்கும்போதே தெரியும். எத்தனை மில்லிவாட் வருகிறது, இரைச்சல் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு எம்.எஸ்சி. மாணவர் பழகியிருக்க மாட்டார். பழகிக்கொள்வது நல்லது.

லென்ஸ், பிறழ்ச்சி, விளிம்பு விளைவு ஆகியவற்றைக் கருவி செய்பவரின் கண்ணோட்டத்தில் படிக்க, அதே சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் சாந்தி பட்டாச்சார்யா நடத்தும் ஒளியியல் பொறியியல் பாடம் இருக்கிறது. ஒளி இழைக்கு, மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஷெவ்காவ்ங்கரின் விரிவுரைகளை மின்காந்தவியல் பாடம் முடித்த கையோடு கேட்பது சிறப்பு. ஒளி ஒரே புல வடிவில் (முறைமையில்) மட்டும் செல்லும் ஒற்றை முறைமை இழையின் நடுப்பகுதியான கருவகம் ஏன் எட்டு, ஒன்பது மைக்ரோமீட்டர் அளவில் இருக்கிறது, கருவகத்தின் அளவையும் அலைநீளத்தையும் ஒளிவிலகல் எண்களையும் சேர்த்துக் கணக்கிடும் வி-எண் 2.405க்குக் கீழே இருந்தால் ஏன் ஒரே முறைமை மட்டும் செல்கிறது என்பன போன்றவற்றை வெறும் விதிகளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர், பெஸ்ஸல் சார்பின் முதல் சுழியிலிருந்து அந்த எண் பிறப்பதைத் தாமே எழுதிப் பார்ப்பார். இளநிலைக்கும் முதுநிலைக்கும் உள்ள தூரம் இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது.

இருக்கும் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்லும்படி கேட்டால், டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் எம்.ஆர். ஷெனாயின் குறைகடத்தி ஒளிமின்னணுவியலைத் தயங்காமல் சொல்வேன். ஆற்றல் பட்டைகளில் தொடங்கி, நிலைச் செறிவு, போலி ஃபெர்மி மட்டங்கள், குவாண்டம் கிணறு என்று ஏறி, எல்.இ.டி., லேசர் டையோடு, ஒளி உணரி ஆகியவற்றில் இறங்கும் பாடம் அது, அவசரமே கிடையாது. வேகமாக ஓடும் காணொளிகளுக்குப் பழகிய மாணவர்கள் முதல் வாரத்தில் அலுத்துக்கொள்வார்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். ஆனால் எதையும் தாவாமல் செல்லும் அந்த நிதானம்தான் பிறகு கைகொடுக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. காலியம் ஆர்சனைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.6. எனவே அதற்கும் காற்றுக்கும் இடையிலான மாறுநிலைக் கோணம் 16 பாகையளவே. உள்ளே எல்லாத் திசைகளிலும் பிறக்கும் ஒளியில் அந்தக் குறுகிய கூம்புக்குள் விழுவது 2 சதவீதம் மட்டுமே. அதிலும் மூன்றில் ஒரு பங்கு பரப்பில் எதிரொளித்து உள்ளேயே திரும்பிவிடுகிறது. அதாவது, மின்சாரத்தை ஒளியாக்குவதில் குறைகடத்தி எவ்வளவு திறமையாக இருந்தாலும், தட்டையான ஒரு பரப்பின் வழியே வெளியே வந்து சேர்வது நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. எல்.இ.டி.யின் தலையில் உருண்டையாக ஒரு பிசின் மூடி இருக்கிறதே, அதன் ஒளிவிலகல் எண் 1.5 என்று வைத்து மீண்டும் கணக்கிட்டால் கூம்பின் பங்கு நாலரை சதவீதமாக உயர்ந்துவிடும். மூடி உருண்டையாக இருப்பதால் பிசினிலிருந்து காற்றுக்குப் போகும் கதிர் ஏறக்குறைய நேர்குத்தாக விழுந்து தப்பிவிடும். பத்து ரூபாய்க்கும் குறைவான ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் அளவுக்கு ஒரு மாணவி வந்துவிட்டால், அந்தப் பாடம் அவருக்குப் பயன்பட்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இதே டெல்லி மரபில் வந்த இன்னொன்று, பேராசிரியர் கே. தியாகராஜனின் குவாண்டம் எலக்ட்ரானிக்ஸ். திசையொவ்வா ஊடகங்களிலும் நேரியலற்ற ஒளியியலிலும் தொடங்கி, புலத்தைக் குவாண்டமாக்குவது வரை செல்கிறது. குவாண்டம் இயக்கவியல் இரண்டு பருவங்கள் முடித்திராதவர் இதில் கை வைக்க வேண்டாம்.

இங்கே ஒரு தவற்றை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சிலிக்கான் சில்லுக்குள் ஒளியைக் கையாளும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸுக்கு இப்போது வேலைவாய்ப்பு உண்டு என்று கேள்விப்பட்டவுடன், பேராசிரியர் பிஜோய் கிருஷ்ண தாஸ் சென்னையிலிருந்தும் பேராசிரியர் சங்கர் குமார் செல்வராஜா பெங்களூருவிலிருந்தும் நடத்தும் ஒருங்கிணைந்த ஃபோட்டானிக்ஸ் பாடங்களில் மாணவர்கள் நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே தரமானவை, ஆனால் ஒளியை அடைத்து வழிநடத்தும் அலை வழிப்படுத்தியின் முறைமைகளையும் இணைந்த முறைமைக் கோட்பாட்டையும் கையாளத் தெரிந்தவருக்கானவை. 220 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் கம்பியில் ஒளி ஏன் அவ்வளவு இறுக்கமாக அடைபடுகிறது என்பதற்குச் சிலிக்கானின் ஒளிவிலகல் எண்ணான 3.48ஐயும் அதைச் சூழ்ந்த ஆக்சைடின் 1.44ஐயும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விடையிலிருந்து ஒரு வளைய ஒத்ததிர்வியை வடிவமைப்பதற்கு இடையே குறைந்தது இரண்டு பாடங்களின் தூரம் இருக்கிறது. தளத்தில் முன்தேவை என்று எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை, படித்தாலும் பொருட்படுத்துவதில்லை. ஒரு பருவத்துக்கு இரண்டு பாடங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பாடங்களில் சேர்ந்துவிட்டு ஐந்திலும் நான்காம் வாரத்தோடு நின்றுபோனவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு.

மதிப்பீட்டு முறைதான் இந்தச் சேவையின் மெலிந்த பகுதி. பன்னிரண்டு வாரப் பாடமென்றால் ஒப்படைப்புகளில் சிறந்த எட்டின் சராசரியே கணக்கில் வரும். கேள்விகள் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையிலோ ஓர் எண்ணை உள்ளிடும் வகையிலோ இருக்கும். எண்ணை உள்ளிடும் கேள்விகள் பரவாயில்லை. ஆனால் உண்மையான முதுநிலைப் பயிற்சி என்பது ஒரு சமன்பாட்டின் தருவிப்பைப் படிப்படியாக எழுதி, அதில் எந்தத் தோராயத்தை எங்கே நுழைத்தோம் என்று காட்டுவது. அலைச் சமன்பாட்டிலிருந்து, லேசர் கற்றையை விவரிக்கும் காஸியன் கற்றைக்கு வரும்போது எந்த உறுப்பை ஏன் கைவிட்டோம் என்று கேட்டால் வாய் திறக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் தேர்வு அதைச் சோதிக்காது. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் வேறு வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், 90க்கு மேல் எடுத்தவருக்குக் கிடைக்கும் தங்கச் சான்றைத் தன்விவரக் குறிப்பின் உச்சியில் போட்டுக்கொண்டு, ரேலே தொலைவு (கற்றை பெரிதாக விரியாமல் செல்லும் தூரம்) என்றால் என்ன என்ற கேள்விக்கு விழிப்பவர்களை நேர்காணல் நடத்துவோர் நிறையவே பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு விரிவுரைக்கும் தனிக் குறிப்பேட்டில் தருவிப்பைத் தானே எழுதிப் பார்த்து, வாரம் ஒருமுறை அதை இன்னொருவருக்குச் சொல்லிக் காட்டும் மாணவருக்கு மட்டுமே இந்தப் பாடங்கள் முழுப் பயனைத் தருகின்றன. உங்கள் கல்லூரியில் என்பிடெலின் உள்ளூர் மையம் இருந்து, வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் பெயரளவுக்கு இல்லாமல் உண்மையிலேயே இருந்தால், இதற்கு அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சொன்ன பாடங்களின் விரிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் தளத்தில் கிடைக்கிறது. நீங்கள் எடுக்கும் பாடத்துக்கு அது இருக்கிறதா என்று சேருமுன் பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவர்கள், முழு அக எதிரொளிப்பு என்று அறிந்த ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டு அடையாளம் காண்பதற்குள் பேராசிரியர் அடுத்த சமன்பாட்டுக்குப் போயிருப்பார். எங்கள் துறையில் விரிவுரையைத் துண்டு துண்டாக நிறுத்தி, அதுவரை சொன்னதை ஒருவர் தமிழில் சொல்ல, மற்றவர்கள் திருத்துவது என்று வைத்துக்கொண்டோம். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் யாருக்கு எது புரியவில்லை என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். ஒளியியல் கையால் கற்க வேண்டிய துறை. மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியில் இரண்டு புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்து, ஆடியின் திருகை மயிரிழை அளவு திருப்பி, பட்டைகள் தோன்றும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அனுபவத்தைக் காணொளி தராது. தோன்றிய பட்டைகள், பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்தியவுடன் நடுங்குவதைப் பார்த்தவருக்கு, அரை மைக்ரோமீட்டர் என்பது எவ்வளவு சிறியது என்பது வாழ்நாளுக்கும் மறக்காது. அம்ரிதா பல்கலைக்கழகம் நடத்தும் மெய்நிகர் ஆய்வகத்தில் குறுக்கீட்டுமானி, ஒளி இழை தொடர்பான சோதனைகள் இருக்கின்றன. சோதனையின் படிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள அவை உதவும். அதில் எந்த ஆடியும் தூசி படிந்திருக்காது என்பதுதான் சிக்கல்.

ஆகவே பாடத்தோடு சேர்த்து ஆய்வகத்தில் எதையாவது செய்து பார்க்க வேண்டும், அதற்குப் பெரும் செலவும் தேவையில்லை. துறையில் கிடக்கும் ஹீலியம் நியான் லேசரே போதும். 632.8 நானோமீட்டர் அலைநீளத்தில், இடைப்பகுதி ஆரம் அரை மில்லிமீட்டர் உள்ள கற்றைக்கு ரேலே தொலைவு ஏறத்தாழ 1.24 மீட்டர் என்று கணக்கு சொல்கிறது. ஒரு சவர அலகை நுண்ணளவித் திருகில் பொருத்திக் கற்றையின் குறுக்கே நகர்த்தி, பின்னால் ஓர் ஒளி உணரியை வைத்து, சில இடங்களில் கற்றையின் அகலத்தை அளந்தால், கணக்கு சொன்ன வளைகோடு வரைபடத்தாளில் தானாக எழுந்து வரும். அறிமுகப் பாடத்தின் காஸியன் கற்றைப் பகுதியை முடித்த வாரத்திலேயே இதைச் செய்ய வைத்தால், அதன் பிறகு அந்த மாணவர் விரிவுரையைக் கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

இன்னொரு சோதனை எங்களுக்குத் தற்செயலாக அமைந்தது. இணையக் கடை ஒன்றில் வாங்கிய பச்சை லேசர் சுட்டி அது; உறையில் 5 மில்லிவாட்டுக்குக் கீழ் என்று அச்சிட்டிருந்தது. இந்த வகைச் சுட்டிகளின் உள்ளே 808 நானோமீட்டர் டையோடு ஒன்று நியோடிமியம் கலந்த படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் ஒளியைப் பிறப்பிக்க, அடுத்த படிகம் அதன் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே விடுகிறது. குவாண்டம் எலக்ட்ரானிக்ஸில் இரண்டாம் சீரிசை எனப்படும் இந்த அதிர்வெண் இரட்டிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய மாணவர்களுக்கு, அது சட்டைப் பைக்குள் நடக்கிறது என்பதே புதுச் செய்தி. பழைய குறுந்தகடு ஒன்றை, ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றணியாக வைத்தோம். தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர் என்பதால் கற்றை நேர்குத்தாக விழும்போது பச்சை 19 பாகையளவிலும், 808 நானோமீட்டர் 30 பாகையளவிலும், 1064 நானோமீட்டர் 42 பாகையளவிலும் பிரிய வேண்டும். கண்ணுக்குப் பச்சைப் புள்ளி மட்டுமே தெரிந்தது. அகச்சிவப்பு வடிகட்டி நீக்கிய பழைய வெப்கேமராவின் திரையிலோ, 30 பாகையில் இன்னொரு புள்ளி பளிச்சென்று இருந்தது. அகச்சிவப்பை வெளியே விடாமல் தடுக்க வேண்டிய வடிகட்டியை அந்தச் சுட்டியில் போடவே இல்லை. அகச்சிவப்பு கண்ணில் பட்டால் இமை தானாக மூடாது. பச்சையைப் பார்த்துக் கூசி விலகும் கண், இதை அறியாமலே வாங்கிக்கொள்ளும். அன்றைக்கு லேசர் பாதுகாப்பு பற்றி நான் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை. இதைச் செய்ய விரும்பும் துறைகள், சுட்டியைத் தாங்கியில் இறுகப் பொருத்தி, எதிரொளிப்பு எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, புள்ளிகளைக் காகிதத்திரையில் மட்டுமே விழச் செய்ய வேண்டும்.

கணினி இருந்தால் செய்யக்கூடியவை இன்னும் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த மீப் என்ற இலவச மென்பொருளில் ஓர் அலை வழிப்படுத்தியை வரைந்து புலம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கலாம். பைத்தான் தெரிந்தவருக்கு இது சில மாலைகளில் பிடிபட்டுவிடும். ஒருங்கிணைந்த ஃபோட்டானிக்ஸ் பாடங்களை எடுப்பவர் இதைக் கட்டாயம் கூடவே செய்ய வேண்டும் என்பேன்.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், சி.எஸ்.ஐ.ஆர். நெட் இயற்பியல் எழுதுவோருக்கு ஐன்ஸ்டைன் கெழுக்கள், வீதச் சமன்பாடுகள், ஒத்ததிர்வியின் முறைமைகள், ஓரியல் நீளம் ஆகியவை பாடத்திட்டத்திலேயே இருப்பதால் அறிமுகப் பாடத்தின் லேசர் பகுதி மட்டுமே கூடப் போதுமானது. முழுப் பாடத்தையும் அதற்காக எடுக்க வேண்டியதில்லை. இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம், டேராடூனில் உள்ள பாதுகாப்புத் துறையின் கருவி ஆய்வு நிறுவனமான ஐ.ஆர்.டி.இ., பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் மின்ஒளியியல் ஆய்வகம் போன்ற இடங்களை மனத்தில் வைத்திருப்போர் ஒளியியல் பொறியியலையும் குறைகடத்திப் பாடத்தையும் விடக் கூடாது. பட்டப்படிப்பின் தகுதிமதிப்பாக (கிரெடிட்டாக) இதைக் கணக்கில் சேர்க்க நினைப்பவர்கள், ஒரு பட்டப்படிப்பில் ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக முடிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறை இடமளிக்கிறது என்றாலும், தங்கள் பல்கலைக்கழகமும் துறையின் பாடத்திட்டக் குழுவும் எந்தப் பாடத்தை எதற்கு ஈடாக ஏற்கின்றன என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. பருவம் முடிந்த பின் போய்க் கேட்டால், அந்த 1,000 ரூபாய்க்குச் சான்றிதழ் கிடைக்குமே தவிர, மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி கூட ஏறாது.